ஸ்பிளிட், ஜெட், நீட்டு, மடக்கு: வழக்கமில்லாத ஃபின்களில் எது யாருக்கு?

"அண்ணே, ஸ்பிளிட் ஃபின் வாங்கலாமா, இல்ல அந்தக் கனமான ரப்பர் ஃபின்தான் நல்லதா?" ஜொகூரின் குளுவாங் பக்கத்தில் டைவிங் பழகிய பிள்ளைகள் லைசென்ஸ் கைக்கு வந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஃபின் என்றால் தண்ணீரில் உதைத்துப் போகக் காலில் மாட்டுகிற துடுப்பு. கடல் இல்லாத ஊர் நம்முடையது. காஹாங் வழியாகச் செம்பனைக்கு நடுவிலேயே ஓட்டிப் போனால் மெர்சிங் படகுத்துறை, அங்கே ஃபெரி பிடித்தால் தியோமான் தீவு. அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் ஒரு ஃபின்னைக் காலில் மாட்டித் தண்ணீரில் உதைத்துப் பார்த்து வாங்குவதென்றால் நம்ம பக்கம் லேசில் நடக்காது. அதனால் எல்லாரும் காணொளி பார்த்து, ஷாப்பியில் படம் பார்த்து முடிவு செய்கிறார்கள். காணொளியில் பேசுகிற ஆள் பெரும்பாலும் குளிர்ந்த ஏரியிலோ குகையிலோ, உடம்பு நனையாதபடி உள்ளே காற்று நிற்கிற டிரைசூட் போட்டு முங்குகிறவர். 28, 29 டிகிரித் தண்ணீரில் மெல்லிய சட்டையோடு இறங்குகிற நமக்கு அவர் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வித்தியாசமான ஃபின் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ஒரே ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தது. அதே சிக்கல் உங்களுக்கும் இருந்தால் கொடுக்கிற காசுக்கு நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் அது கூடவே கூட்டிவருகிற தொல்லைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். செம்பனையில் குட்டை மரத்துக்கு உளி, நெட்டை மரத்துக்குக் கம்பில் கட்டிய அரிவாள். இரண்டில் எது உசத்தி என்று தோட்டத்தில் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, நீங்கள் எப்படி உதைக்கிறீர்கள். கால்களை மாற்றி மாற்றி மேலும் கீழும் அடிப்பது பிளட்டர் கிக், பயிற்சியில் எல்லாருக்கும் அதைத்தான் முதலில் சொல்லித்தருவார்கள். தவளை மாதிரி இரண்டு காலையும் ஒன்றாக விரித்துச் சேர்ப்பது பிராக் கிக். இதில் நீர் பின்பக்கமாகத்தான் போகும், கீழே போகாது, அதனால் மணல் கிளம்பாது. அதையே தலைகீழாகச் செய்து பின்னால் நகர்வது, ஒரு காலை மட்டும் அசைத்து இருந்த இடத்திலேயே திரும்புவது என்று இன்னும் சில உண்டு. எந்த ஃபின்னும் இது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒத்துழைக்காது. உதையைத் தீர்மானிக்காமல் ஃபின் தேடுவது கால் அளவு தெரியாமல் செருப்பு தேடுகிற வேலை.

இரண்டாவது உங்கள் மூட்டு. முழங்கால் தேய்ந்தவர், கணுக்கால் சுளுக்கி ஆறியவர், பாதி டைவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவர், இவர்களுக்கு விறைப்பான அகலமான ஃபின் சரிப்படாது. தொடையில் பலமுள்ள இளவட்டங்களுக்கு மிருதுவான ஃபின் ஏதோ ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உதைப்பது போலிருக்கிறது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

மூன்றாவது தண்ணீருக்குள் அந்த ஃபின் எவ்வளவு கனம் என்பது. இதை நம்ம ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை, எனக்கோ இதுதான் முக்கியம். பெட்டியில் எழுதியிருப்பது தரையில் உள்ள எடை. தண்ணீருக்குள் ஒரு ஃபின் மிதக்கலாம், இன்னொன்று கல்லாகக் கீழே போகலாம். சோதிக்க ஒரு பெரிய தண்ணீர் டிரம்மும், விமானப் பெட்டியை நிறுக்கத் தொங்கவிடுகிற சின்னத் தராசும் போதும். ஃபின்னைக் கொக்கியில் மாட்டி முழுக்க மூழ்கவிடுங்கள், உள்ளே ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து வருகிற எடை உங்கள் உடம்பின் கடைக்கோடியில் தொங்கப்போகிறது. இடுப்பில் ஒரு கிலோ இருப்பதும் பாதத்தில் ஒரு கிலோ இருப்பதும் ஒன்றல்ல. நெம்புகோல் மாதிரி அது காலைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்புறம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறீர்கள் என்பது. படகு விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக விழுவதா, கரையிலிருந்து நடந்து போவதா, ஏணியில் ஏறும்போது ஃபின்னைக் கழற்றிக் கொடுக்க மேலே ஆள் இருக்கிறாரா. கடைசியாக, மொத்தச் செலவு. குதிகால் திறந்த ஃபின் என்றால் உள்ளே போடுகிற ரப்பர் காலணியான பூட்டீஸ் தனியாக வாங்க வேண்டும். பிளாஸ்டிக் வாருக்குப் பதில் ஸ்பிரிங் வார் போட வேண்டும் என்று ஒரு வாரத்தில் ஆசை வரும். சபாவின் தாவாவுக்குப் பறந்து செம்பொர்ணா, மாபுல் தீவு என்று போகிறவருக்கு விமான எடையும் சேரும். 7 கிலோ கைப்பைக்குள் மூச்சுக்கருவியான ரெகுலேட்டரையும் டைவ் கம்ப்யூட்டரையும் வைத்துவிட்டு, ஃபின்னுக்காகத் தனியாகப் பெட்டிக் காசு கட்ட நேரும்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமே, அதற்கு டைவ் கடையில் வாடகைக்குத் தருகிற சாதாரணப் பிளாஸ்டிக் ஃபின்னை வைத்துக்கொள்வோம். நேரான பலகை (நீரைத் தள்ளுகிற தட்டைப் பகுதி), நடுத்தர விறைப்பு, விலை குறைவு. அதைக் கேவலமாகப் பேசாதீர்கள். தியோமானில் முங்குகிறவர்களில் நிறையப் பேருக்கு அதுவே போதும்.

## கனமான ரப்பர் ஃபின்

இதை 'வழக்கமில்லாதது' என்று சொன்னால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள். பிரான்சின் ஜார்ஜ் பூஷா 1960களில் கொண்டுவந்த ஜெட் ஃபின்தான் இதற்கு மூலம், பிறகு ஸ்கூபாப்ரோ பெயரில் உலகம் முழுக்கப் போனது. குட்டை, அகலம், விறைப்பு. பலகையில் காற்றோட்ட ஜன்னல் மாதிரி துவாரங்கள். ஜோடி சுமார் இரண்டரை கிலோ, பெரிய அளவென்றால் அதற்கும் மேல். இன்றைக்குக் குகை, ஆழம் என்று தொழில்நுட்ப டைவிங் செய்கிறவர்கள் காலில் பார்த்துவிட்டு நம்ம தம்பிகளுக்கு இதன்மேல் ஒரு கண்.

தவளை உதைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பின்னால் நகரவும், நின்ற இடத்தில் திரும்பவும் சொன்னபடி கேட்கும். குட்டை என்பதால் அதன் நுனி எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியும், பவளத்தில் இடிபடாது. மாபுல் மணலில் விரல் நுனியளவு உயிரைப் படம் எடுக்கிறவருக்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய விஷயம். உடையவும் உடையாது.

ஆனால் இதன் எடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. டிரைசூட்டுக்குள் இருக்கும் காற்று காலுக்குப் போய் பாதத்தைத் தூக்கும், கனமான ஃபின் அதை அமுக்கிப் பிடிக்கும். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் சட்டையோ வெறும் ராஷ்கார்டோ (மெல்லிய நீச்சல் சட்டை) போடுகிற நம் காலை மேலே தூக்க அப்படி எதுவும் இல்லை. பிறகு என்ன நடக்கும்? அசையாமல் மிதந்து பார்த்தால் கால் மெதுவாக இறங்கி, உடம்பு சாய்ந்து, பாதி நின்ற நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் உதைத்தால் முன்னால் போவதோடு மேலேயும் போகிறீர்கள். அதைச் சரிசெய்ய மிதப்புச் சட்டையிலிருந்து காற்றை வெளியே விடுகிறீர்கள், மறுபடி இறங்குகிறீர்கள், மறுபடி உதைக்கிறீர்கள். சிலிண்டர் சீக்கிரம் காலியாகிறது, காரணம் ஃபின் என்று யாருக்கும் தோன்றாது. "எனக்கு மூச்சு ஜாஸ்தி இழுக்குது" என்பார்கள்.

இதற்கு மருந்து இருக்கிறது. முங்குவதற்காக இடுப்புப் பட்டையில் மாட்டுகிற ஈயத்தில் ஒரு பகுதியை எடுத்து சிலிண்டர் பட்டைக்கு, அதாவது தோள் பக்கத்துக்கு, மாற்றிப் பாருங்கள். காற்று குறையக் குறைய அலுமினிய சிலிண்டரின் அடிப்பக்கம் லேசாகி மேலே வரப் பார்க்கும், கனமான ஃபின் அதைக் கொஞ்சம் சமன்செய்யவும் செய்யும். சிலருக்கு இயல்பாகவே கால் மிதக்கும், எவ்வளவு சொன்னாலும் கால் மேலே போய்த் தலை கீழே வரும். அவர்களுக்கு இந்த ஃபின் வரம்தான். மற்றவர்கள் இதே குட்டை அகல வடிவத்தில் லேசான பொருளில் செய்ததைத் தேடுவது நல்லது. வடிவம் தருகிற கட்டுப்பாடு கிடைக்கும், இழுக்கிற எடை இருக்காது. என்னைக் கேட்டால், நம்ம தண்ணீரில் முங்கித் தவளை உதை பழக நினைக்கிற பெரும்பாலானவருக்கு இதுதான் சரியான வாங்கல்.

## ஸ்பிளிட் ஃபின்

நடுவில் பிளந்து மீன் வால் மாதிரி இருக்குமே, அது. 1990களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்து ஓகோவென்று ஓடியது. நேச்சர்ஸ் விங் என்ற காப்புரிமையின் கீழ்தான் அபோலோ, அட்டாமிக், ஸ்கூபாப்ரோ எல்லாரும் செய்தார்கள். இரண்டு பாதியும் விசிறியின் இறக்கை மாதிரி சாய்ந்து நீரைத் தள்ளும் என்பது யோசனை. வேகம் கூடுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, நான் அதற்குள் போகவில்லை. காலில் சுமை குறைகிறது என்பதை மாட்டி உதைத்த எல்லாருமே ஒத்துக்கொள்வார்கள்.

எங்கள் கூட்டத்தில் காலமெல்லாம் செம்பனை லாரி ஓட்டிய மாமா ஒருவர் இருக்கிறார். கிளட்ச் மிதித்தே இடது முழங்கால் போய்விட்டது. சாதாரண ஃபின்னில் இருபது நிமிடம் போனதும் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்பிளிட் மாட்டியபிறகு தியோமான் பக்கத்து ரெங்கிஸ் தீவைச் சுற்றி முழு டைவும் வருகிறார். அவர் உதைப்பதைப் பின்னாலிருந்து பார்த்தால் பாடம் படிக்கலாம்: முழங்கால் மடங்குவதே இல்லை, இடுப்பிலிருந்து வருகிற அசைவு, இரண்டு பாதத்துக்கும் இடையே ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி விழாது, அது பாட்டுக்குச் சின்னச் சின்னதாக வேகமாக அடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிளிட்டுக்கு அப்படித்தான் உதைக்க வேண்டும். பெரிதாக ஓங்கி உதைத்துவிட்டு "காலுக்கு அடியில ஒண்ணுமே இல்ல" என்று குறை சொல்பவர்கள் பழைய உதையை மாற்றாதவர்கள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? தவளை உதையில் நீர் பிளவு வழியாக நழுவிவிடும், பின்னால் நகர்வது ஏறக்குறைய நடக்காது. பிளட்டர் ஒன்றே வழி என்பதால் மணல் தரைக்குப் பக்கத்தில் போனால் பின்னால் வருகிறவருக்குப் புழுதிதான். திடீரென்று முழு பலத்தையும் போட்டு எதிர்நீரில் நாலு மீட்டர் போக வேண்டிய நேரத்தில், சிப்பாடான் தீவின் பாரகுடா முனையிலோ தெங்கோல் தீவிலோ நீரோட்டம் திரும்பும்போது, விறைப்பான ஃபின் தருகிற பிடி இதில் வராது. அறுந்த தூண்டில் நரம்பு பிளவில் சிக்குவதும் உண்டு.

மூட்டுக்காக ஸ்பிளிட் பக்கம் போகிறவர், ஆனால் தவளை உதையையும் விட மனமில்லாதவர், ஸ்கூபாப்ரோவின் சீவிங் நோவா போன்ற இறக்கை வடிவ ஃபின்னைக் கையில் கிடைத்தால் மாட்டிப் பார்க்கலாம். பிளவு கிடையாது, பாதத்துக்கும் பலகைக்கும் நடுவில் வளைகிற ஒரு மூட்டு மாதிரி பகுதி இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சாமான்.

## ஃபோர்ஸ் ஃபின்

கலிபோர்னியாவின் பாப் எவன்ஸ் 1980களில் கொண்டுவந்தது. பார்த்தால் ஃபின் என்றே நம்ப மாட்டீர்கள்: குட்டையாக, மேல்நோக்கி வளைந்து, நுனி V மாதிரி வெட்டி, கால் விரல் வெளியே தெரியும். பாலியுரித்தேன் வார்ப்பு. கீழே அடிக்கும்போது விரிந்து தள்ளும், மேலே இழுக்கும்போது தளர்ந்து கொடுக்கும், அதனால் கணுக்காலும் கெண்டைக்காலும் ஓய்வெடுத்துக்கொள்ளும். கால் பிடித்துக்கொள்கிறவர்கள் இதன் பக்தர்களாகிவிடுவதற்குக் காரணம் அதுதான்.

நமக்கு என்ன கஷ்டம் என்றால், விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும், மாட்டிப் பார்க்க வழியில்லை, பிடிக்காவிட்டால் விற்கவும் ஆள் கிடைக்காது. விரல் வெளியே இருப்பதால் பூட்டீஸ் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லியதென்றால் முன்பக்கம் தேய்ந்து போகும். யாராவது வைத்திருந்தால் ஒரு டைவுக்குக் கடன் கேளுங்கள். அதற்கு முன் காசு போடாதீர்கள்.

## ஃப்ரீடைவிங் நீட்டு ஃபின்

ஒரு மீட்டரை நெருங்குகிற நீளம். பிளாஸ்டிக், ஃபைபர்கிளாஸ், கார்பன் என்று மூன்று தரம், கார்பன்தான் விலை அதிகம். படத்தில் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. மூச்சடக்கி நேராகக் கீழே போய் நேராக மேலே வருகிறவருக்காகச் செய்தது அது. முதுகில் சிலிண்டரும் மேலே பிசிடி என்கிற மிதப்புச் சட்டையும் நீரைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது அதன் அருமை பாதி போய்விடுகிறது. நீலத்தில் நீரோட்டத்தோடு நீண்ட தூரம் நேராகப் போகிற டிரிஃப்ட் டைவ் என்றால் பலன் உண்டு, ஆனால் உங்களோடு முங்குகிற ஜோடி பின்தங்கிவிடுவார், பிறகு அவருக்காக நிற்க வேண்டும்.

பவளத்துக்கு மேலே இதை மாட்டிக்கொண்டு திரும்புகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நுனி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது, ஒரு வீச்சில் பல வருட வளர்ச்சி ஒடிந்துவிடும். படகிலிருந்து பின்பக்கமாக விழும்போது விளிம்பில் பட்டால் கார்பன் விரிசல் விடும். வெறுங்காலோடு மாட்டுவதால் படகுத்துறையில் நடக்கச் செருப்பு தனி. ஒரே பயணத்தில் ஃப்ரீடைவும் செய்கிறீர்கள், இரண்டு ஜோடி தூக்க முடியாது என்றால் மட்டும், பிளாஸ்டிக்கில், கொஞ்சம் விறைப்பானதாக எடுங்கள்.

## மடக்கு ஃபின்னும் குட்டைப் பயண ஃபின்னும்

மடக்கு ஃபின்னில் பலகை முழங்கால் பக்கமாக மேலே மடிந்துகொள்ளும், மாட்டியபடியே நடக்கலாம், ஏணி ஏறலாம். ஒமேகாவின் ஆம்ஃபிபியன் இந்த ஜாதி. தியோமானின் ஆயர் பாத்தாங் மாதிரி கரையிலிருந்தே இறங்குகிற இடங்களில், குனிந்து ஃபின் மாட்ட முடியாத முதுகுவலிக்காரருக்கு நல்ல உதவி. மற்றவர்கள் ஃபின்னைக் கையில் எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை போய், ஜோடியின் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டலாம், அதற்குச் செலவு பூஜ்ஜியம். கீலுக்குள் மணல் போகும், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், பூட்டு நழுவினால் டைவின் நடுவே பலகை மடங்கும்.

குட்டைப் பயண ஃபின் என்பது வெறுங்காலுக்கே பொருந்துகிற, லேசான, பெரும்பாலும் மிதக்கிற ஃபின். பூட்டீஸ் செலவும் எடையும் மிச்சம். விமானத்தில் போய் நீரோட்டம் குறைந்த இடங்களில் முங்குகிறவருக்கு நல்லது. வெயிலில் கொதிக்கிற படகுத்துறைப் பலகையில் நடக்கும்போதுதான் பூட்டீஸ் அருமை தெரியும்.

## வாங்கியபிறகு

எதை வாங்கினாலும் அதை முதல் தடவை கடலில் மாட்டாதீர்கள். ஊர் நீச்சல் குளம் போதும். முதலில் அசையாமல் குப்புற மிதந்து கால் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பாருங்கள், பிறகு குளத்தின் நீளத்தை எத்தனை உதையில் கடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள், பழைய ஃபின்னிலும் அதே மாதிரி எண்ணி ஒப்பிடுங்கள். உதை எண்ணிக்கை குறைந்தும் மூச்சு வாங்கினால் விறைப்பு அதிகம். ஃபின் மாறினால் ஈயமும் மாறும், பழைய கணக்கிலேயே போகாதீர்கள். முதல் கடல் டைவில் காமிரா வேண்டாம், நீரோட்டமில்லாத இடமாகப் பாருங்கள்.

புது ஃபின் வாங்கும் முன் இருக்கிற ஃபின்னுக்கு ஸ்பிரிங் வாரும், காலுக்குச் சரியான பூட்டீஸும் போட்டுப் பார்ப்பதும் நல்லது. குதிகால் லொடலொடவென்று ஆடுவதால் கால் பிடித்துக்கொள்கிற ஆட்கள் ஏராளம், அவர்களுக்கு ஃபின் மேல் தப்பே இல்லை.

வெயிலில் நிற்கிற காடியின் பின்பக்கம் ஃபின்னை நாள் கணக்கில் போட்டு வைக்காதீர்கள், அதற்கு மேலே சிலிண்டரோ ஈயமோ வேண்டவே வேண்டாம். நுனியில் நிறுத்திச் சுவரில் சாய்த்து வைத்தால் பலகை வளைந்து அப்படியே நின்றுவிடும். கிடையாகப் படுக்க வையுங்கள், பாதம் நுழையும் இடத்தில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் அச்சைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பழசு வாங்குகிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பலகை ஒரே மாதிரி வளைகிறதா பாருங்கள். வார் மாட்டுகிற காதில் மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பிளிட் என்றால் பிளவு முடிகிற இடத்தில் கிழிசல் தொடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மடக்கு ஃபின் என்றால் கீலும் பூட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.